அக்கா திருத்திய உப்புக் கரைசல்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவரை நேசித்த உங்கள் அனைவரின் கைகளிலும் இவ்வெழுத்தைச் சேர்க்கிறேன்.

பூநகரியில் மூத்த மகளாகப் பிறந்த அக்கா, இடம்பெயர்ந்த இடமெல்லாம் புத்தகப் பையையும் தூக்கிச் சென்று படித்து, தர்மபுரத்தில் இரசாயனவியல் ஆசிரியரானார். பொறுமைசாலி என்று எழுதினால் அவரிடம் படித்தவர்கள் சிரிப்பார்கள். கோபக்காரர்தான். ஆனால் ஒரு பிள்ளைக்கு விளங்கவில்லையென்றால் அந்தக் கோபம் முழுவதும் தன்மீதே திரும்பும்.

"கண்ணால காணாததைப் பிள்ளையள் எப்பிடி நம்புவினம்?" என்பார். விளையாட்டுக் களிமண்ணில் அணுக்களாகச் சிறு உருண்டைகள் உருட்டிக் குசினி மேசையில் வைப்போம். சற்று நகர்த்தி ஒரு படம், மேலும் சற்று நகர்த்தி இன்னொரு படம் எனக் கைபேசியில் எடுத்து, வீடியோவாகக் கோத்து, தன் குரலில் விளக்கம் சேர்ப்பார். உருண்டைகளை நகர்த்துவது என் வேலை. அந்தச் சனிக்கிழமைகளில் சமையல் பிந்தும். அக்காவின் கணவர், எங்கள் அத்தான், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அந்த நாட்களுக்கு மனம் இன்றும் ஏங்குகிறது.

உப்பு நீரில் கரையும் வீடியோதான் அதிகம் பரவியது. ஆனையிறவு உப்பைக் கையில் அள்ளிக் காட்டித் தொடங்குவார். கரைந்ததும் சோடியமும் குளோரைட்டும் பிரிந்து, தனித்தனியே நீர் மூலக்கூறுகள் சூழ மிதக்க வேண்டும். நானோ சோம்பலில் இரண்டையும் சோடியாகவே தள்ளிச் சென்றேன். அக்கா கவனிக்கவில்லை.

தவணைப் பரீட்சையில் வகுப்பே அவற்றைச் சோடி சோடியாகப் படம் கீறியிருந்தது. ஏனென்று கேட்டதற்கு, "வீடியோவில அப்பிடித்தானே வந்தது, ரீச்சர்" என்றாளாம் ஒரு மாணவி.

"நான்தான் அக்கா தள்ளினனான்" என்றேன்.

"பாக்காமல் விட்டது நான்" என்றார். மறுநாள் வகுப்பிலும் தன் பிழையென்றே சொன்னார். ஆனால் வீடியோ கைபேசிக்குக் கைபேசி தாவிப் பல பாடசாலைகளுக்குப் போயிருந்தது. அதுதான் அவரை அரித்தது.

திருத்துவதற்குள் நோய் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கடைசி மாதத்தில், சாய்வுக் கதிரையில் இருந்தபடியே புதிய வீடியோவை முடித்தார். இம்முறை அவர் பார்த்து "ஓம்" என்ற பிறகே ஒவ்வோர் உருண்டையையும் நகர்த்தினேன். மூச்சு வாங்க வாங்க விளக்கம் சொன்னார். "பழசை எல்லாரையும் அழிக்கச் சொல்லு" என்றார்.

நோய்க்காலத்தில் கவனித்த வைத்தியர்கள், தாதியர், கஞ்சி காய்ச்சி அனுப்பிய அயலவர், சுற்றிச்சுற்றி வந்த மாணவர்கள், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த உறவுகள் அனைவருக்கும் எம் குடும்பத்தின் நன்றி. கூடவே ஒரு வேண்டுகோள். பழைய வீடியோ உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். இவ்விரண்டில் அக்காவின் குரல் நல்ல சுகத்தோடு இருப்பது அதில்தான் என்று எனக்கும் தெரியும். அதற்காகவே ஓராண்டாக அதை வைத்திருந்தேன். இதை எழுத உட்காருமுன் கடைசியாக ஒரு தடவை கேட்டுவிட்டு, நானும் அழித்துவிட்டேன்.

— தங்கை