மகஜரில் இரண்டாவது கையெழுத்து

யாரையும் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இருபத்திரண்டு வருடம் காக்கிச் சட்டை போட்டவன் நான். கண்டதை மட்டுமே எழுதிப் பழகியவன். இது போன வைகாசியில், ஒரு சனிக்கிழமை, பல்லடம் சாலையில் எனக்கு நடந்தது.

மதியம் 2.10. மின்தடை என்பதால் ஒரு பனியன் கம்பெனி தொழிலாளர்களைச் சீக்கிரமே வேனில் அனுப்பிவிட்டது. வழியில் வேன் தீப்பிடித்தது. பதினொரு பேர் குதித்துத் தப்பினார்கள். டெய்லர் வேலை பார்த்த சாரதாமணி என்ற பெண் கதவருகிலேயே இறந்துபோனாள். டிரைவர் மாரிச்செல்வத்தின் சட்டைப்பையில் பீடிக்கட்டு இருந்தது. அது போதும் என்று அவனைப் பிடித்து வந்துவிட்டார்கள்.

ஓட்டும்போது பீடியைத் தொடவே இல்லை என்று அவன் ஸ்டேஷனில் அழுதான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அதற்கே எஸ்.ஐ. மகுடேஸ்வரன் முறைத்தார்.

"பீடின்னு மகஜர எழுதிட்டு வாங்க ஏட்டய்யா. இல்லீன்னா நீங்க கும்பிடற முருகன் எறங்கி வந்து சாட்சி சொல்லுவாராக்கும்?"

சம்பவ இடத்தில் கண்டதை எழுதி, உள்ளூர்க்காரர் இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கும் தாள்தான் மகஜர். அதை வைத்துத்தான் வழக்கே நிற்கும். டீக்கடைக் கிட்டுசாமி, நான் எழுதும் முன்பே வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று வேறு யாரும் கிட்டே வரவில்லை.

மாலை 6.20. எரிந்த வேன் அருகில் நின்று 'பீடி' என்று எழுதிவிட்டேன். மனசு உறுத்தியது. ஒருவனைச் சிறைக்கு அனுப்பும் வார்த்தை அல்லவா? செத்துப்போன அந்தப் பெண்ணுக்காகக் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டையெல்லாம் ஆயில் கறை. சாம்பல் மேல் நடந்து வந்த சத்தமே கேட்கவில்லை...

"கையெழுத்து நான் போடறேனுங்க."

நல்ல மனிதர் என்று நினைத்தேன். என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் குடிக்கவில்லை. சாரதாமணி விழுந்து கிடந்த இடத்துக்குப் போய் மெல்ல ஊற்றினார்.

சளக்... சளக்... சத்தம் தெளிவாகக் கேட்டது.

மண் நனையவில்லை.

பிறகு குனிந்து எஞ்சினுக்கு அடியில் கையை விட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்தான் அதே இடத்தைத் தொட்டு என் விரல் கொப்பளித்திருந்தது. அவர் கையை எடுக்கவே இல்லை.

"இங்க பாருங்கய்யா. சைலன்சர் பைப்பு மேல."

டார்ச் அடித்தேன். கருகி ஒட்டிய துணி. பனியன் வேஸ்ட். எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் ஆயில் துடைப்பது அதில்தான்.

பீடி வரியை அடித்துவிட்டுக் கண்டதை எழுதினேன். அவர் கையெழுத்திட்டார். அங்கமுத்து, வேலம்பாளையம்.

மணி 6.41.

தாளை மடித்தேன். நிமிர்ந்தேன்...

யாரும் இல்லை.

மறுநாள் தடயவியல் அதிகாரி அந்தத் துணியைத்தான் எடுத்துப் போனார். ஆயில் ஊறிய துணி, சூட்டில் பற்றியிருக்கிறது என்றார். மாரிச்செல்வத்தை விட்டுவிட்டார்கள். அங்கமுத்துவிடம் வாக்குமூலம் வாங்க வேலம்பாளையம் போனேன்.

வாசலில் பந்தல். சாவு வீடு.

அவர் மனைவி மாரக்காள்தான் சொன்னார். விபத்துக்கு முந்தின நாள் அந்த வேனுக்கு ரிப்பேர் வேலை பார்த்த மெக்கானிக் அங்கமுத்து. தீப்பிடித்த செய்தி கேட்டதும், துடைத்த துணியை உள்ளேயே விட்டுவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டாராம். டிரைவர் மேல் பழி விழக்கூடாது என்று உண்மையைச் சொல்ல மொபெட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாராம். வழியில் லாரி மோதியது. ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது சனிக்கிழமை மாலை 4.05க்கு.

மகஜரை நீட்டினேன். கையெழுத்தின் மேல் அந்த அம்மா விரலை ஓட்டினார்.

"அவரு போட்டதுதானுங்க."

தாளைத் திருப்பித் தந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப... சொல்லிட்டாருங்களா?"