இரண்டு பேட்டரிகளும் ஓர் அக்காவின் வயதும்

சட்டைப்பையில் அடங்கும் சாம்பல் நிறப் பலகை. அதன் பக்கவாட்டில் செருகிய பிளாஸ்டிக் குச்சி. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், பதுளையில் நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனம் கொடுத்த கையடக்கக் கணினி அது. குச்சியை உருவும்போதெல்லாம் வாளுருவும் ராஜாவாக என்னை நினைத்துக்கொண்டேன். பார்த்தவர்களுக்குப் பல் குத்துகிறவனாகத் தெரிந்திருக்கலாம்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு அடையாள அட்டை எடுக்க விபரம் சேர்ப்பது என் வேலை. தனக்கு முன்பிருந்தவர் பிறந்த தேதிகளை எழுதி விட்டுப்போன பிரசவக் கொப்பியைத் தோட்டத்து மருத்துவச்சி அம்மா பத்திரமாக வைத்திருந்தார். அதைப் பார்த்து எல்லாவற்றையும் திரையில் எழுதிக்கொண்டேன்.

“தாள் வேணாமா தம்பி?”

“இதுல ஏறினது அழியாதும்மா.”

செல்லரித்த கொப்பி வெந்நீர் அடுப்புக்குப் போனது.

அலுவலகத்தில் அதற்கென்று இருந்த தாங்கியில் செருகினால் விபரமெல்லாம் பெரிய கணினிக்குப் போய்விடும். கடைசியாக எழுதிய ஒன்றை மட்டும் நான் அப்படி அனுப்பவில்லை. கடைசி லயத்து வீட்டு வரிசையில் இருந்த, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவருடையது. அந்த வார இறுதியில் கிரிக்கெட். ரேடியோவில் பேட்டரி தீர்ந்ததும், கையடக்கக் கணினியின் இரண்டையும் கழற்றி ரேடியோவுக்குப் போட்டேன். பேட்டரி இல்லாவிட்டால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று கையேட்டில் இருந்ததாம். நான் நாவல் படிக்கிறவன். கையேடு படிக்கிறவன் அல்ல.

திங்கட்கிழமை படிவம் நிரப்பும்போது அக்கா எதிரே நின்றார். அவர் பிறந்த நாளும் மாதமும் எனக்கு நினைவிருந்தன, வருடம் இல்லை. தொலைத்துவிட்டேன் என்று சொல்ல வெட்கம். முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தைப் போட்டேன். வயதைக் குறைத்தால் எந்தப் பெண்ணும் கோபிக்கமாட்டாள் என்ற அசட்டு மரியாதையும் சேர்ந்துகொண்டது. மருத்துவச்சி அம்மா என்னை நம்பிக் கையெழுத்திட்டார். அக்கா பெருவிரலை அழுத்தினார்.

போன மாதம் பதுளை பஸ் நிலையத்தில் அவர்தான் என்னை அடையாளம் கண்டார். நொண்டியபடி வந்தார்.

“இன்னும் வேலைக்குப் போறீங்களா அக்கா?”

“போறேன் சேர். தங்கச்சிய பொறந்தப்பவே பதிஞ்சுட்டாங்க, அவ வயசு முடிஞ்சு போன வருஷமே வேலையில இருந்து நின்னுட்டா. எனக்குக் கார்டுல இன்னும் நிக்கிற வயசு வரலையாம். சின்னவ வீட்டுல இருக்கா, மூத்தவ மலை ஏறுறேன்.” சிரித்தார். “இந்த முழங்காலுக்குத்தான் கார்டைப் படிக்கத் தெரியலை.”

இப்போது ஊரைச் சிரிக்கவைத்துப் பிழைக்கிறவன் நான். அன்று அவருடைய சிரிப்புக்குக்கூட என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த வருடத்தை இட்டுக்கட்டியது நான்தான் என்று சொன்னேன். பேட்டரி, ரேடியோ, கிரிக்கெட், ஒன்றையும் விடவில்லை.

அவர் சிரிப்பு மெல்ல நின்றது.

“எந்த வருஷம்னு என்னையக் கேட்டிருக்கலாமே சேர். எதுத்தாப்புலதானே நின்னேன்.”