பாலைவனத்து மண்டைக்குப் படைத்த சோறு

காட்சிக்கூடத்துக் காவலாளிக்குச் செத்தவர்களால் தொல்லை இல்லை. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறவர்களால்தான். சர்க்கரை வியாதியோடு நின்று பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

யாங்கோனில் எங்கள் கூடத்தில் இப்போது அமெரிக்கப் பாலைவனத்து ஆதி மனிதர்களின் காட்சி. அச்சில் வார்த்த இரண்டு மண்டையோடுகள். ஒருவன் காட்டு அவரையும் விதையும் முயலும் தின்று அலைந்தவன். பல் மணலில் தேய்ந்திருக்கும், சொத்தை இல்லை. மற்றவன் பிறகு வந்து மக்காச்சோளம் விதைத்தவன், வாயெல்லாம் சொத்தை.

வெல்லக்காரர்

லத்தா பேட்டையில் வெல்லம் மொத்த வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், விதைத்தவன் வாயையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "வெல்லம் இல்லாத காலத்துலயே பல்லு இப்படியா? அப்ப எங்க மேல எதுக்குப் பழி போடுறீங்க?"

நாற்காலி

என் காலில் ஒரு புண். சோற்றை விடு என்றார் டாக்டர்; விட்டேன். ஆனாலும் ஆறவில்லை. சீட்டுக் கிழிக்கும் கோ மியாவுக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி உண்டு. கொஞ்சம் உட்காரக் கேட்டேன். அவன் என் காலைப் பார்த்துவிட்டு நேரே ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டான். மாதக் கடைசிக்குள் ஆறாவிட்டால் வேலை இல்லை என்றார்கள். ஏன்டா சொன்னாய் என்று கேட்டேன். "சொல்லாம விட்டா காலையே எடுத்துடுவாங்க, ஊ மாரி." மாரி ஐயா என்பதைப் பர்மியில் அப்படித்தான் சொல்வார்கள்.

படையல்

பக்கத்து ஊர் மாவ்பியிலிருந்து வந்த தமிழ் அம்மா ஒருத்தர், சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து இரண்டு மண்டைக்கும் முன்னால் இலைத் துண்டில் சோறும் மீன் குழம்பும் வைத்துக் கும்பிட்டார். இவர்கள் நம் ஆட்கள் இல்லை, சோற்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்றேன். "அதனாலதாம்பா வைக்கிறேன். பாவம், பார்க்காமலே போயிட்டாங்க."

சோறு போன இடம்

அவர் போனபின் இலையை எடுப்பது என் வேலை. எடுத்தேன். கூடத்தில் யாரும் இல்லை. குழம்பு வாசனைக்குக் கை தானாகச் சோற்றைப் பிசைந்தது. கோ மியா எங்கிருந்தோ வந்து இரண்டு இலையையும் பிடுங்கி, என் எதிரிலேயே நின்று தின்று விரலையும் நக்கினான். தன் வேகவைத்த பட்டாணிப் பொட்டலத்தை என் கையில் திணித்தான். தின்றேன். அன்று முதல் தினமும் ஒரு பொட்டலம், அவன் நாற்காலிமேல், எனக்கு.

மாதக் கடைசியில் புண் மூடியது. ஆபீசில் பார்த்துவிட்டு, வேலையில் இரு என்றார்கள். வெளியே வந்ததும், என் சோற்றைத் தின்றவன்தானே நீ என்றேன். அவன் சீட்டுக் கிழித்துக்கொண்டே சொன்னான்: "அது மண்டைக்கு வச்ச சோறு, ஊ மாரி. நீங்க இன்னும் மண்டை ஆகல."

இதை அவன் நாற்காலியில், அவன் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன் என்றாலும், அந்த மீன் குழம்புச் சோற்றை மட்டும் அவனுக்கு மன்னிப்பதாக இல்லை.