சில்லின் உட்பக்கம்

போன திங்கட்கிழமை காலை. பல்கூடத் துலக்கவில்லை, போன் அடித்தது. ஷெரின். என் மனைவி மெர்லினுடைய தங்கையின் மகள்.

“பெரியப்பா, சனிக்கிழமை கல்யாணத்துக்கு வாடகைக் கார் வேணாம்னு சொல்லிட்டேன். நீங்கதானே கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க?”

சொன்னேன்தான். எப்போது? அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது! ‘உன்னை என் காரில்தான் கோயிலுக்குக் கூட்டிப் போவேன்’ என்று அளந்துவிட்டேன். அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு சைக்கிள். அதற்கும் பெல் கிடையாது. சொன்ன நான் மறந்துவிட்டேன். கேட்ட பிள்ளை இருபது வருஷமாக மறக்கவில்லை.

நல்லவேளை, இப்போது கார் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் கம்பளையில் வாங்கிய பழைய ஜப்பான் கார். வெள்ளை நிறம். பாடி பரவாயில்லை. ஆனால் அந்த நான்கு சில்லுகள் இருக்கின்றனவே... அலோய் வீல் என்று சொல்லித்தான் விற்றார்கள். பார்த்தால் தோசைக்கல்லின் அடிப்பக்கம்தான் ஞாபகத்துக்கு வரும்.

“வெள்ளைக் கார், வெள்ளைச் சாரி, கறுப்புச் சில்லு... ரொம்ப எடுப்பா இருக்கும்ங்க” என்றாள் மெர்லின். அவள் பாராட்டுகிறாளா, கிண்டலடிக்கிறாளா என்று முப்பது வருஷமாகத் தெரியாமல் விழிப்பவன் நான். இந்த முறை தெரிந்தது.

குண்டசாலையிலிருந்து தினமும் கண்டிக்குப் போய்வருகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஏற்றம், இறக்கம், வளைவு, டிராபிக் — கால் பிரேக்கிலேயே குடியிருக்கும். பிரேக் தேய்ந்து கொட்டுகிற இரும்புத் தூள் சூட்டோடு சில்லில் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் மழைச் சேறு. அதன் மேல் மறுபடி தூள். முன்னால் வைத்திருந்த புண்ணியவான் ஒருநாள்கூடக் கழுவியிருக்க மாட்டார் போல.

ஆனாலும் நான் அசரவில்லை. காரணம் இருக்கிறது. பெரிய நாள் வந்தால் எங்கள் கோயிலில் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைத் துலக்குவது அடியேன்தான். பழப்புளியும் சாம்பலும் போட்டு ஒரு தேய்... தங்கம்! பங்குச் சுவாமியே பீடத்தில் நின்று பாராட்டியிருக்கிறார். பித்தளையையே பணிய வைத்தவனுக்கு அலோய் எம்மாத்திரம்?

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்ததும், காரை நிறுத்திய கையோடு புளியை அப்பினேன். சில்லு சூடாக இருந்தது. ‘ஸ்ஸ்...’ என்றது. சரி, வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கழுவிப் பார்த்தால் அழுக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. புதிதாக வெள்ளை வெள்ளையாய்த் தேமல் வேறு!

புதன்கிழமை சவர்க்காரத் தூள், பற்பசை, பழைய பிரஷ். வியாழக்கிழமை ஊராரின் ஆலோசனை. கேற்றைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் ஒரு வைத்தியம் சொன்னார்கள். கக்கூஸ் கழுவுகிற அசிட்டை ஊற்றச் சொன்னார் ஒருவர். நான் உள்ளே ஓடுவதற்குள் மெர்லின் போத்தலை ஒளித்துவிட்டாள். அதுவரை என் முதுகு போனதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். கட்டுகஸ்தோட்டையில் கார் கழுவும் இடம் வைத்திருக்கிற நசீர் நானாவிடம் போய்ச் சரணடைந்தேன்.

நானா புறங்கையால் சில்லைத் தொட்டுப் பார்த்தார். “சூடாயிருக்கு சேர். ஒரு டீ குடிங்க.”

“நானா, நாளைக்குக் கல்யாணம்!”

“சூட்டுல மருந்து அடிச்சா காஞ்சு கறை புடிச்சிரும். இங்க பாருங்க, புளியோ என்னமோ தேச்சிருக்கான். எந்த மடையன் செஞ்ச வேல சேர் இது?”

“முன்னாடி வச்சிருந்தவரா இருக்கும்” என்றேன். பொய்தான், பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்லிக்கொள்ளலாம்.

சில்லுகள் ஆறியதும் நாலையும் கழற்றி வரிசையாக வைத்தார். ஏதோ ஒரு மருந்தை ஸ்பிரே பண்ணினார். கொஞ்ச நேரத்தில் சில்லிலிருந்து நாவல்பழச் சாறு போல ஊதா நிறம் வடிந்தது. இரும்புத் தூள் கரைகிறதாம். தண்ணீர், பிரஷ், திரும்ப மருந்து, திரும்பத் தண்ணீர். மூன்றாவது தடவை உள்ளிருந்து வெள்ளி எட்டிப் பார்த்தது. தேமல்கூட மங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை.

“போதும் நானா, மாட்டுங்க!”

“உள்பக்கம்?”

“உள்பக்கத்த யாரு பாக்கப் போறா?”

அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுச் சுரண்ட ஆரம்பித்தார். அங்கே அழுக்கு விரல் தடிப்புக்கு இறுகிக் கிடந்தது. நாலாவது சில்லு வந்தபோது அவர் கை நின்றது. பின்னால் இடது பக்கத்துச் சில்லு. துணியால் துடைத்தார். நகத்தால் தடவினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. நானும் துடைத்தேன். போகவில்லை.

“வெடிப்பு சேர். எங்கயோ பள்ளத்துல உழுந்து அடிபட்டிருக்கு. ஊத்தைக்குள்ள மறைஞ்சு இருந்திருக்கு.”

இரண்டு மாதமாக இதில்தான் நானும் மெர்லினும் இறக்கத்தில் பறந்திருக்கிறோம். ஆனாலும் ஆசை விட்டதா? வெளிப்பக்கம் அப்படி மின்னுகிறதே!

“நாளைக்கு ஒருநாள் மட்டும்... கோயில் கிட்டத்தான். மெதுவா ஓட்டுனா?”

நசீர் நானா என்னை நிமிர்ந்து பார்த்தார். “மெதுவா ஓட்டலாம் சேர். பின்னால இருக்கப்போறது யாரு? கல்யாணப் பொண்ணுதானே?”

“வேற சில்லு போடுங்க நானா” என்றேன். அதே ஜோடிச் சில்லுக்கு அவர் நாலு கடைக்குப் போன் போட்டும் கிடைக்கவில்லை. டிக்கியில் கிடந்த ஸ்பேர் சில்லை எடுத்து மாட்டினார். வெறும் இரும்பு. கன்னங்கரேல்!

சனிக்கிழமை ஷெரின் வீட்டில் இடது பக்கத்தை மதிலோடு ஒட்டி நிறுத்தினேன். போட்டோ பிடிக்கிற தம்பியிடம், வலப் பக்கம்தான் வெளிச்சம் நல்லது என்று அடித்து விட்டேன். எல்லாம் சரியாகத்தான் போனது. ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கோயில் வாசல் ரோட்டுக்கு இடது பக்கம்!

மொத்தச் சனமும் பார்த்துக்கொண்டு நிற்க, மணப்பெண் இறங்கியது அந்தக் கறுப்புச் சில்லுக்குப் பக்கத்தில்தான். குனிந்து பார்த்தாள்.

“இது என்ன பெரியப்பா?”

வேறு வழி? சொன்னேன். வெடிப்பையும் சொன்னேன், மெதுவாக ஓட்டலாமா என்று கேட்ட என் புத்தியையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவள் சில்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. இல்லை, கலங்கியது என் கண்.

“தம்பி, இந்தச் சில்லோட எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுங்க” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்தப் படம் நேற்று வந்தது. மூன்று நாளாக முதுகு ஒடிய நான் தேய்த்த சில்லுகளில் ஒன்றுகூட அதில் இல்லை. நான் விரலால்கூடத் தொடாத ஒன்றுதான் எங்கள் நடுவில் ஜம்மென்று நிற்கிறது!