ரோஸ்மேரியும் என் ஓரகத்தியும்

என் ஓரகத்தியை எனக்குப் பிடிக்காது. அவள் செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, இன்னும் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் பெண்டாட்டி. கோம்பையில் ஒரே கூரையின் கீழ் எங்களுக்கு இரண்டு அடுப்பு, பின்னால் ஒரே தோட்டம். நேரில் 'அக்கா' என்பேன். மனதுக்குள் அழைத்ததை இங்கே எழுத முடியாது.

ஊரில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர். மிளகாய் நாற்று நடுவதானாலும் தென்னம்பிள்ளை வைப்பதானாலும் முதல் செடியை அவள் கைதான் ஊன்ற வேண்டும். வண்டி கட்டி வந்து கூட்டிப்போவார்கள். திரும்பும்போது மடியில் வெற்றிலை பாக்கும் நடையில் ஒரு மிதப்பும் இருக்கும். அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. அவள் தன் கையைப் பற்றிப் பேசினால் அடுத்த பேச்சு என் வயிற்றைப் பற்றித்தான்.

என் அப்பா போடிக்கு மேலே மலையில் ஒரு துரை பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். உலகச் சண்டைக்காலத்தில் துரைசானி சீமைக்குத் திரும்பியபோது தொட்டிச் செடிகளை வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள். அப்பா பங்குக்கு வந்தது ரோஸ்மேரி. பங்களாவில் அதை ஆட்டுக்கறியோடு போட்டு வேகவைப்பார்களாம். தேங்காயெண்ணெயில் போட்டுக் காய்ச்சித் தலைக்குத் தேய்த்துக்கொள் என்று ஒரு மண்ணெண்ணெய் டின்னில் வைத்து எனக்குக் கொண்டுவந்தார். ஊசி ஊசியான இலை, மேலே கரும்பச்சை, அடியில் சாம்பல். கை பட்டால் தைல வாசனை. அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

நான் போடிக்குப் போயிருந்த சமயம் பார்த்து, என் ஓரகத்தி அதை டின்னிலிருந்து பிடுங்கி, குளிக்கிற தண்ணீர் ஓடும் வாழையடியில் நட்டுவிட்டாள். கறிவேப்பிலைக்குச் செய்வதுபோல தினமும் அரிசி கழுவிய தண்ணீர், புளித்த மோர். இருபது நாளில் அடித்தண்டு கறுத்து, இலை உதிர ஆரம்பித்தது. கேட்டேன்.

"நான் வச்சது எதுவும் இதுவரைக்கும் பட்டுப்போனதில்ல. இது உன் வீட்டுச் செடி. உன் கை பட்டா எதுடி ஒட்டும்?" என்றாள்.

தண்ணீர்க் குடத்தோடு நின்ற நாலு பெண்கள் முன்னால் சொன்னாள். அவள் செடியைச் சொல்லவில்லை என்று நாலு பேருக்கும் தெரியும். அந்தச் செடி என் கையால் பிழைக்காவிட்டால் அந்தப் பேச்சு என் ஆயுசுக்கும் நிற்கும்.

பட்டுப்போய்க்கொண்டிருந்த செடியில் ஆறு நுனி மட்டும் பச்சையாக இருந்தது. ஒடித்தேன். மூன்றை முருங்கைப் போத்துக்குச் செய்வதுபோல வெட்டிய இடத்தில் சாணி அப்பி, எருமண்ணில் ஊன்றினேன். எங்கள் பக்கத்தில் எதற்கும் அதுதான் வழக்கம். பத்தே நாளில் மூன்றும் அழுகின. மீதி மூன்று செம்புத் தண்ணீரில் கிடந்தன. அப்போதுதான் யோசித்தேன். சின்ன வயதில் அப்பாவோடு போனபோது பார்த்திருக்கிறேன், பங்களாவில் இதன் தாய்ச்செடி நின்றது கல்லும் சரளையுமான சரிவில். அங்கே யாரும் ஒரு கூடை எரு போட்டு நான் பார்த்ததில்லை.

ஓட்டைப் பானையில் ஓட்டுச்சில்லும் ஆற்று மணலும் போட்டேன். நுனிகளின் கீழ் இலைகளை உருவிவிட்டு, இரண்டு விரற்கடை ஆழம் ஊன்றி, வடக்குச் சுவர் நிழலில் வைத்தேன். மணல் விரலில் ஒட்டாமல் உதிர்ந்தால் மட்டும் தண்ணீர். மார்கழிக் குளிர் கைகொடுத்தது. ஒரு மாதம் கழித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஒன்று கையோடு வந்தது. மற்ற இரண்டும் வரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த மார்கழிக்குள் இரண்டும் முழங்கால் உயரப் புதராகிவிட்டன. தெருப்பெண்கள் எண்ணெய் காய்ச்சக் கொத்துக் கேட்டு வந்தார்கள். "உன் கையில நல்லாத் தழைஞ்சிருக்கே" என்றார்கள். அவள் காதில் விழட்டும் என்று நான் மறுபடி மறுபடி சொல்ல வைத்தேன்.

ஒருநாள் அவளே வந்தாள். "ஏண்டி, எனக்கும் ஒரு கொப்பு குடு. மகளுக்கு முடி கொட்டுது. நானும் இங்கன வச்சுப் பாக்குறேன்." நயமாக அவள் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

இளநுனிதான் வேர் விடும், பட்டை தட்டிய அடிக்கொப்பு விடாது. அதற்குள் எனக்கு அது அத்துப்படி. தேடிப் பார்த்து, விரல் தடிமனில் அடிக்கொப்பாக ஒன்று வெட்டிக் கொடுத்தேன். "பெருசாப் பார்த்துக் குடுத்திருக்கேன்க்கா" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

மற்றதையெல்லாம் சரியாகவே சொல்லிக்கொடுத்தேன். மணல், ஓட்டுச்சில்லு, நிழல், எதிலும் பொய் இல்லை. அவளும் ஒன்று விடாமல் செய்தாள். காலையும் மாலையும் பானை முன்னால் குந்திக்கொண்டு "தண்ணி போதுமாடி?" என்பாள். "போதும்க்கா" என்பேன். நாற்பது நாள் இப்படிப் போனது. இலை ஒவ்வொன்றாகக் கொட்டியது. கடைசியில் பிடுங்கிப் பார்த்தாள். அடியில் நான் வெட்டிய வெட்டு அப்படியே இருந்தது, ஒரு வேர் இல்லை. தண்ணீர்க் குடக்காரிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னமோடி, என் கை கெட்டுப்போச்சு" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நான் இரண்டு வட்டில் சோறு சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

மாசியில் மிளகாய் நாற்று நட மேற்குத் தெருவிலிருந்து வண்டி வந்து வாசலில் நின்றது. அவள் உள்ளேயே இருந்தாள். கூப்பிட்டார்கள், வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மஞ்சளும் வெற்றிலையும் வைத்த தட்டோடு அடுப்படிக்கு வந்து என் கையில் திணித்தாள்.

"நீ போ. என் கை வேணாம். வெள்ளாமைய நம்பி இருக்காக, பாவம். என்னால அவுகளுக்கு ஒண்ணு ஆயிரக்கூடாது."

கண் கலங்கியிருந்தது. அடிக்கொப்பு வேர் விடாது அக்கா என்று அப்போது சொல்லியிருக்கலாம், தட்டை அவளே வாங்கிக்கொண்டு போயிருப்பாள். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.