வயிற்றில் கட்டிய அரிசி

அந்தப் பை அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமை மூட்டையின் துணியைப் பிரித்துத் தைத்தது. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் ஒன்று அதில் பாதி அழிந்து தெரியும். பிறை வடிவில் வெட்டி, இரு முனையிலும் நாடா வைத்து, அரிசி ஒரு பக்கமாகச் சரிந்துவிடாதபடி நடுவில் குறுக்குத் தையல்கள் போட்டிருந்தாள் அக்கா. அதை இடுப்பில் கட்டி மேலே சேலையைச் சுற்றிவிட்டால், பார்க்கிறவர் கண்ணுக்கு அவள் பிள்ளைத்தாச்சி. பஸ்ஸில் கிழவிகள்கூட எழுந்து இடம் கொடுப்பார்கள். அந்தப் பை கொஞ்ச நாள் என்னிடம் இருந்தது.

நான் அப்போது சங்கரன்கோவில் – கோவில்பட்டி தடத்தில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணம் ஆகவில்லை. வாய் ரொம்ப நீளம். தோல்பையும் விசிலும் காதில் செருகிய பென்சிலும் இருந்தால் ராஜா என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. டீ பத்துக் காசு. புதுக் காசு வந்து வருஷங்கள் ஆகியும் கிராமத்து ஆட்கள் அணாவில்தான் கேட்பார்கள், நான் பைசாவில் சொல்லுவேன், கழுகுமலை வரும்வரை அந்தச் சண்டை ஓடும். மற்றபடி எல்லார் வாயிலும் அரிசிப் பேச்சுதான். படி ஒரு ரூபாயைத் தொட்டது, தாண்டியது, பிறகு விலை கேட்பதற்குக் கடையில் அரிசியே இல்லை. எங்கள் கரிசல் சீமையில் நெல்லுச்சோறு என்பது எப்போதுமே தீபாவளி, பொங்கலோடு சரி. ஆனால் அந்த வருஷங்களில் கம்பும் சோளமும்கூட ஏமாற்றிவிட்டன. ரேஷனில் கோதுமை போட்டார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே உலையில் போட்டு, வேகவே மாட்டேன் என்கிறதே என்று ஆட்டுக்கு வைத்தவர்களை எனக்குத் தெரியும். கோவில்பட்டிச் சுவர்களில், ஓட்டுப் போட்டால் ரூபாய்க்கு இத்தனை படி அரிசி என்று ஒரு கட்சி எழுதியிருந்தது. பஸ் நின்றால் ஆட்கள் ஜன்னல் வழியே அதை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள்.

மேற்கே மலையடிவாரத்தில் நெல் விளைந்தது. அங்கிருந்து கிழக்கே அரிசி கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு. எந்த எல்லைவரை, எத்தனை படிவரை என்பதெல்லாம் வாரத்துக்கு வாரம் மாறும். சோதனை போட்டவர்களுக்கே நிச்சயமாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். கழுகுமலையைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு போலீஸ் ஏட்டையா நிற்பார். கூடையைக் கிளறுவார், மூட்டையை அமுக்கிப் பார்ப்பார், பெண்களைத் தொட மாட்டார். வீட்டில் நாலு பெண் பிள்ளைகள், நல்ல மனுஷன்.

அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். கோவில்பட்டிக்கு முன்னால் இரண்டாவது நிறுத்தம் அவள் ஊர். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. வீட்டுக்காரருக்கு மில் வேலை போய்விட்டது. மாமனார், மாமியார் வேறு. இருந்த துண்டுக் காடும் விதைக்க மழையில்லாமல் கரிந்து கிடந்தது. வாரத்தில் இரண்டு நாள் காலை பஸ்ஸில் வெறும் வயிற்றோடு சங்கரன்கோவில் போவாள், மதியம் நிறைவயிறாகத் திரும்புவாள். கோவில்பட்டியில் ஒரு இட்லிக் கடையின் பின்வாசலில் வயிறு இறங்கும். கிடைத்ததற்குச் சோளம் வாங்கிக்கொண்டு ஊருக்கு நடப்பாள். அந்த அரிசியில் ஒரு மணிகூட அவள் வீட்டு உலையில் விழுந்தது கிடையாது.

எனக்குத் தெரியவந்தது ஒரு தையல் விட்டதால். டிக்கெட் கிழித்துக்கொண்டு வரும்போது அவள் காலடியில் நாலைந்து மணி அரிசி கிடந்தது. பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். "தம்பி, எம் வயித்துல அடிச்சிராத" என்றாள், உதடு மட்டும் அசைய. நான் செருப்புக் காலால் அரிசியை ஸீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, "பிள்ளைத்தாச்சி உக்காந்திருக்கு, மேல விழாம நில்லுங்க" என்று சத்தம் போட்டேன். அன்றிலிருந்து நாங்கள் கூட்டு.

உள்ளதைச் சொன்னால் எனக்கு அது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஏட்டையா ஒவ்வொரு முறையும் அக்கறையாக மாசம் கேட்பார். "என்ன தாயி, எத்தன மாசம் ஆவுது?" அவர் மறக்கிற ஆளில்லை. அதனால் வயிறும் மாசத்துக்குத் தக்கபடி வளர வேண்டியிருந்தது. மூன்றாம் மாசம் ஒரு படி. ஐந்தாம் மாசம் இரண்டு. "ஒம்பதாம் மாசம் வரட்டும்க்கா, ஒரு மூடையே கட்டிரலாம்" என்று நான் கேலி பண்ணுவேன். சிரிக்க மாட்டாள். ஒருநாள் கழுகுமலையில் ஏறிய ஒரு கிழவி, யாரோ எவரோ, தன் கையிலிருந்து இரண்டு கண்ணாடி வளையலைக் கழற்றி அவள் கையில் போட்டு, "சொகமாப் பெத்துப் பொழைக்கணும்" என்று கன்னத்தை வழித்தாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோவில்பட்டி வரும்வரை திரும்பவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நடிப்பு ரொம்ப முத்திப்போச்சுக்கா!" இதைச் சொல்லிவிட்டு நானே சிரித்தேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். மதியப் பஸ்ஸுக்கு அவள் கடைசி ஆளாக ஏறினாள். முகமெல்லாம் வேர்வை. "தம்பி, இன்னைக்குக் கொஞ்சம் வெரசாப் போகச் சொல்லேன்" என்றாள். "ஏன்க்கா, இட்லிக் கடை அடுப்பு அணஞ்சிருமா?" என்றேன். மூங்கிலருகே அன்றைக்கு ஏட்டையா இல்லை, லீவு. புதிதாக வந்த ரெவின்யூ ஆள் ஒருவர் நின்றார். கெடுபிடியான ஆள். பஸ் கூரையில் இருந்த மூட்டை எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். வெயில் தகரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முனக ஆரம்பித்தாள். அந்த ஆள் படியேறி உள்ளே எட்டிப் பார்த்தார். நான் அவள் காதுப் பக்கம் குனிந்து சொன்னேன்: "இன்னும் கொஞ்சம் சத்தமாக் கத்துக்கா, நம்புதாரான்னு பாப்பம்."

இதை நான்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

அவள் கத்தினாள். அந்த ஆள் பயந்துபோய், "சரி சரி, வண்டிய எடு" என்று இறங்கிவிட்டார். எனக்கு விசிலடிக்கக்கூட முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. பஸ் கிளம்பியது. "போதும்க்கா, தாண்டியாச்சு" என்றேன். அவள் நிறுத்தவில்லை. டிரைவர் பாய் கண்ணாடியில் பார்த்தார். ஆறு பிள்ளைக்குத் தகப்பன். "ஏலே, அந்தப் பிள்ள மொகம் சரியில்லலே" என்றார். "நடிப்பு பாய், நீங்க ஓட்டுங்க" என்றேன். அவருக்கும் அரிசிச் சமாச்சாரம் தெரியும் என்பதால் பேசாமல் ஓட்டினார்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு கூட்டம் கொடிகளோடு நின்றது. கோவில்பட்டியில் பொதுக்கூட்டம். அரிசி தருவோம் என்று சுவரில் எழுதியிருந்த கட்சிக்காரர்கள்தான். கோஷம் போட்டுக்கொண்டே ஏறினார்கள். எல்லாரையும் திணித்து, ஆளுக்கு ஆள் டிக்கெட் கிழித்து, மீதிச் சில்லறை கொடுத்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இன்றும் அதை மனசில் ஓட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் நேரம் கூடிக்கொண்டேதான் போகிறது. கடைசியாக அவளிடம் வந்து, "கொஞ்சம் ஒதுங்கி உக்காருக்கா, இன்னொரு ஆளு உக்காரட்டும்" என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கிழவி போட்ட கண்ணாடி வளையல் நொறுங்கி என் தோலில் ஏறியது.

"தம்பி, இது அரிசியில்ல."

கோஷம் போட்டவர்கள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கீழே பார்த்தேன். முன்னொரு நாள் அரிசி சிந்திக் கிடந்த அதே இடம் ஈரமாக இருந்தது. ஆறு வருஷமாகக் காத்திருந்த வயிறு அது, ஏழாம் மாசம். வீட்டில் மட்டும் தெரியுமாம். பஸ் ஏறாதே என்று சொல்லியிருக்கிறார்கள். ஏறாவிட்டால் சோளம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கிறாள். உள்ளே பிள்ளை வளர வளர மேலே அரிசியைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். வெளியே பார்க்கிற எங்களுக்கு எல்லாம் ஒரே வயிறுதான். இதெல்லாம் பிறகு அவள் மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் அடித்து அழுதுகொண்டு சொன்னது.

பாய் அதற்கப்புறம் எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. உள்ளே பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். "ஆம்பிளைக எல்லாம் அங்கிட்டுத் திரும்புங்க, மறைக்க ஏதாச்சும் குடுங்க" என்று ஒரு அம்மா அதட்டினாள். கட்சிக்காரர்கள் துண்டுகளைக் கொடுத்தார்கள். போதவில்லை. கொடிகளைக் கம்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் முகத்தை மூடிக்கொண்டு அழுததைப் பார்த்தேன். அந்தக் கொடிகளுக்குள்ளேதான், ஊர் எல்லைக்கு முன்னாலேயே, பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. அழவில்லை. அழும், அழும் என்று ஆஸ்பத்திரி வாசல்வரை எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். நேரத்தோடு வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று நர்ஸம்மா சொன்னார். யாரையும் குற்றம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். பிறகு அக்காவின் வயிற்றுக்கு மேலே கட்டியிருந்த பையை அவிழ்த்தவர், அது என்னவென்று புரியாமல் அமுக்கிப் பார்த்தார். புரிந்ததும் அதை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஒரு படி அரிசி. இன்னும் சூடாக இருந்தது.

அதை நான் தங்கியிருந்த அறையில் மூலையில் வைத்தேன். பிரிக்கவில்லை. பதினாறு நாள்கூட ஆகியிருக்காது, காலை பஸ்ஸில் அவள் ஏறினாள். முகம் ஒட்டிப்போய் இருந்தது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, "தம்பி, அந்தப் பை ஒன்கிட்டயா இருக்கு? எனக்கு வேற பை இல்ல" என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். சங்கரன்கோவிலில் பஸ் நின்றதும் அறைக்கு ஓடிப் போய் அரிசியோடு எடுத்துவந்து கொடுத்தேன். அந்த அரிசி தன்னுடையதுதானா என்றுகூட அவள் கேட்கவில்லை.

மதியம் நிறைவயிறாக வந்தாள். மூங்கிலருகே ஏட்டையா. லீவில் இருந்தவருக்கு ஒன்றும் தெரியாது. அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "என்ன தாயி, இன்னுமா பொறக்கல? மாசம் ஆயிருக்குமே!" என்றார். பஸ்ஸில் பாதிப்பேர் அன்று இருந்தவர்கள். பாய் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அக்கா நேராக அவர் முகத்தைப் பார்த்து, "ஆமாய்யா, இன்னும் பொறக்கல" என்றாள். "தலைப்பிள்ள செத்தத் தாமசமாத்தான் வரும், பயப்படாத" என்று ஏட்டையா மூங்கிலைத் தூக்கிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு எங்கிருந்து நெஞ்சு வந்தது என்று அன்று எனக்குப் புரியவில்லை. வீட்டில் மூன்று பேர் சோளத்துக்காகக் காத்திருந்தார்கள் என்பதைத் தவிர இன்றும் எனக்கு வேறு பதில் தெரியாது.

கோவில்பட்டியில் இறங்கும்போது கால் தடுமாறினாள். தாங்கிப் பிடித்தேன். என் கை பையின் மேல்பக்கத்தில் பட்டது. சேலையோடு சேர்ந்து நனைந்திருந்தது. வேர்வை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் என்னை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள், அவளை மறுபடி பார்க்கவில்லை. நாலைந்து வருஷம் கழித்து என் வீட்டில் பிள்ளை பிறந்தது. பத்தாம் நாளோ என்னவோ, பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்க, என் மனைவியின் ரவிக்கை தானாக நனைந்தது. "பாலு கட்டிக்கிட்டு வடியுது" என்றாள், சாதாரணமாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அன்றைக்கு அந்தப் பையை நனைத்திருந்தது எது என்று.

இப்போது ரேஷனில் அரிசி சும்மா கொடுக்கிறார்கள். மூங்கில் கட்டிய இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. மாசம் ஒரு தடவை கார்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்கிறேன். எடைபோட்டுப் பையில் கொட்டியதும், தூக்குவதற்கு முன்னால் பையின் மேல்பக்கத்தைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்ப்பேன். கடைக்காரப் பையனுக்கு அது பழகிவிட்டது. போன மாசமும் சொன்னான்: "நல்ல அரிசிதான் தாத்தா, ஈரம் கீரம் ஒண்ணும் இல்ல." சரிப்பா என்றேன். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லும்வரை கையை எடுக்கவில்லை.