பிரிக்காத பூனை மண்

அம்மாவின் தங்கையான என் சித்தி சென்னையிலிருந்து கோவில்பட்டிக்குத் திரும்பி வந்தபோது ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் பூனை உறங்கும் கூடையும் இருந்தன. நான் அப்போது ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். சித்திக்கு உடம்பு சரியில்லை, தேறும்வரை இங்கேயே இருப்பாள் என்று அம்மா என்னிடம் சொன்னாள். உடம்பு சரியில்லாத சித்தி எங்கள் எல்லார் துணியையும் துவைத்தாள், உளுந்து புடைத்தாள், எனக்குக் கணக்கும் சொல்லித்தந்தாள். பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியவற்றிலிருந்து நான் திரட்டிக்கொண்டது இவ்வளவே: சித்தப்பா தம் தாயின் முன்னிலையில் சித்தியை ஒரு சொல் சொல்லிவிட்டார். சொன்னவரே வந்து அழைத்துப் போகவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் வரவில்லை. அழைப்பில்லாத வீட்டுக்குத் தானாகப் போகச் சித்தியும் இசையவில்லை.

ஒரு மாதம் சென்றபின் அவரிடமிருந்து ஒரு மூட்டை மட்டும் வந்தது.

சென்னைப் பேருந்தில் வந்த அதை, புறவழிச்சாலைப் பார்சல் அலுவலகத்திலிருந்து அப்பா தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளே இருந்தது, வீட்டுப்பூனை மலம் கழிப்பதற்கென்று பட்டணத்துக் கடைகளில் விற்கிற மண். பூனைக்குக் கழிப்பிடம் வேண்டும் என்பதையே ஏற்காத எங்கள் வீட்டில், அதற்கு விலைகொடுத்து மண் வாங்குவார்கள் என்ற செய்தி பெருவியப்பை உண்டாக்கியது.

பசுவந்தனைப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருந்த அப்பா எந்த மண்ணையும் கையால் அறியாமல் விடமாட்டார். தையல் இடுக்கில் சிந்திய சாம்பல்நிறக் குறுமணிகளை உள்ளங்கையில் கூட்டி, நீர் தெளித்து, திரித்து, விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்தார்.

“ஏட்டி, இங்க வந்து பாரு. நம்ம கரிசல்தாம் இது, வெளுத்துப்போன கரிசல். நனைஞ்சா ஒட்டுது, காஞ்சா இறுகுது. கரிசக்காட்டுக்கே மண்ணு அனுப்புத ஆள இன்னைக்கித்தாம் பாக்கேன்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “பொண்டாட்டி தின்னாளா ஒறங்குனாளான்னு கேக்க ஒரு போனு இல்ல. பூனை பேளுததுக்கு மண்ணு வருது.”

சித்தி மூட்டையின் தையலைத் தடவிப் பார்த்தாள். வழியில் கிழிந்துவிடாதிருக்க, கடைப் பையை ஒரு சாக்கிலிட்டுச் சித்தப்பாவே கோணூசியால் தைத்திருந்தார். “இந்த மனுசருக்கு ஒரு நேர் தையல் வராது” என்றாள். எங்களோடு இருந்த காலமெல்லாம் அவரைப் பற்றி அவள் தானாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றே.

மறுநாளே அப்பா எங்கள் நிலத்திலிருந்து கரிசல் மண் கொண்டுவந்தார். கட்டிகளை உடைத்துச் சித்தி சலித்துப் பரப்பினாள். பூனை ஒருநாள் முழுதும் முகர்ந்து ஆராய்ந்து, பின் ஏற்றுக்கொண்டது. பருத்தி நல்ல விலைக்குப் போன ஆண்டிலும் அப்பாவின் முகத்தில் அத்தகைய பெருமிதத்தை நான் கண்டதில்லை.

ஆயினும் மாதந்தோறும் மூட்டை வந்துகொண்டிருந்தது. சித்தி அதைத் திருப்பி அனுப்பவுமில்லை, பிரிக்கவுமில்லை. மாடிப்படிக்கு அடியில் செங்கல் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாள். கரிசலில் கட்டிய வீடு எங்களுடையது. கோடையில் விரிசல் விடும் சுவர் வழியே ஐப்பசியில் நீர் கசியும். அடைமழை பிடித்த ஒரு நாள், கொடியில் தன் சேலை நனைவதையும் பாராமல் மூட்டைகளுக்குப் பாலித்தீன் தாள் போர்த்திக்கொண்டிருந்தாள். அந்த இடம் அதுவரை என் மிதிவண்டிக்கு உரியதாயிருந்தபடியால் எனக்கு மனக்குறை உண்டு.

“எதுக்கு சித்தி இத வச்சிருக்கீங்க? பூனதாம் நம்ம மண்ணுல போகுதே.”

“மழைக்கு ஆகும்.”

“மழ பெஞ்சிக்கிட்டுதான இருக்கு?”

“அடுத்த மழைக்கு” என்றாள்.

தையில் உளுந்து வீடு வந்து சேர்ந்தது. விதைக்கென்று ஒதுக்கியதை வைக்க அந்தப் படியடி ஒன்றே ஏற்ற இடம். ஆனால் விதை இருக்கும் பக்கம் செருப்புக்கூட ஏறாத வீட்டில், பூனை மண்ணின் அருகே அதை வைப்பதெப்படி? அடைக்கலமாக வந்திருக்கும் பெண்ணிடம் உன் உடைமையை அப்புறப்படுத்து என்று சொல்லவும் அப்பாவுக்கு நா கூசியது. இருப்பது இருக்கட்டும், மேற்கொண்டு வராமல் தடுத்துவிடுவதே பண்பு என்று தீர்மானித்தார். சித்தி கடைக்குப் போயிருந்த ஒரு மாலையில் சித்தப்பாவை அழைத்தார். அப்பாவின் கையெல்லாம் உளுந்துத் தூசி படிந்திருந்தமையால் கைபேசியை நான் ஏந்திக்கொண்டேன். இருவர் பேச்சும் உரக்கக் கேட்டது.

“சகல, நாந்தாம் பேசுதேன். மண்ணு அனுப்புதீங்கல்லா, இனிமே வேண்டாம்.”

“அவ சொல்லச் சொன்னாளா, அண்ணாச்சி?”

“அவ ஒண்ணும் சொல்லல, நாந்தாம் சொல்லுதேன். இங்கன மண்ணுக்கா பஞ்சம்? ஒங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?”

“அலைச்சல் என்ன அண்ணாச்சி. முன்ன அனுப்புனதெல்லாம் தீந்துட்டா?”

“எங்க தீர? ஒரு மூடையக்கூட அவ பிரிக்கல. வந்தது வந்தபடி கெடக்கு.”

மறுமுனையில் ஓசை நின்றது. “சகல? சகல?” என்று அப்பா அழைத்தார். பிறகு, “சரி அண்ணாச்சி. இனி அனுப்பல” என்ற குரல் வந்தது.

“தங்கமான ஆளு” என்றார் அப்பா என்னிடம். “ஒரு பேச்சு மறுத்துப் பேசல பாரு.”

அதன்பின் மூட்டை வரவில்லை. அடுத்த ஆண்டு வக்கீல் அனுப்பிய தாள்கள் வந்தன, சித்தி கையொப்பமிட்டாள். இன்று புதியம்புத்தூரில் ஆயத்த ஆடை தைக்கும் கூடமொன்றில் வேலை பார்த்துக்கொண்டு தனியே வாழ்கிறாள். நெடுநாள் கழித்து உறவினர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது: அந்தப் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாத்தா கோயிலுக்கு வரும்போது சித்தியை அழைத்துப்போவதாகச் சித்தப்பா எண்ணியிருந்தாராம். மூட்டைகளை அவள் தொடவும் மனமின்றி ஒதுக்கிவிட்டாள் என்று அறிந்ததும் எண்ணத்தைக் கைவிட்டாராம். அவள் ஏன் உடனே அழைத்து உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. நீங்கள் போட்ட தையலை அவிழ்க்க மனம் வரவில்லை என்பதை, தன்மானத்தை நம்பி வீட்டைவிட்டு வந்த ஒருத்தி எந்த வாயால் சொல்வாள்? அப்பா ஆண்டுதோறும் புது உளுந்தோடு புதியம்புத்தூருக்குப் போகிறார். கொடுத்துவிட்டு உட்காராமல் திரும்பிவிடுகிறார். “நல்லதுன்னு நெனச்சித்தாம்...” என்று அம்மாவிடம் தொடங்குவார். முடித்ததில்லை.

அந்த ஆண்டு மாசி பிறந்தும் மூட்டை வராததைக் கண்டு சித்தி கேட்டபோதுதான், தாம் பேசியதை அப்பா ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். சற்றுப் பொறுத்து, பாடம் எழுதிக்கொண்டிருந்த என்னருகே வந்து அமர்ந்தாள்.

“அன்னைக்குப் போனு நீதான பிடிச்சிருந்த?”

“ஆமா சித்தி.”

“பிரிக்கலன்னு அத்தான் சொன்னதும், அவிய எம்புட்டு நேரம் பேசாம இருந்தாவ?”

பெரியவர்கள் விவகாரத்தில் என்னைச் சாட்சி கேட்டது அதுவே முதல்முறை. நான் நன்றாக நினைவுகூர்ந்து விடை சொன்னேன்.

“ரொம்ப நேரம் சித்தி. நான் சிக்னல் போயிருச்சுன்னுல்லா நெனச்சேன்.”

சித்தி என் பேனா மூடியை எடுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

“இருக்கும்” என்றாள். “அங்கன சிக்னல் சரியா கெடைக்காது.”

அவ்வளவு பெரிய சென்னையில் சிக்னல் கிடைக்காதாம் என்று மறுநாள் பள்ளியில் தோழியர் எல்லாரிடமும் வியந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.